மோட்டாரை அணைக்க வேண்டிய இடம்

முதலில் தெரிந்தவை ஆலாப் பறவைகள். பிளம் ஃபோர்க் நீர்த்தேக்கத்தின் மேல் கவிந்திருந்த தூறலுக்குள்ளிருந்து அவை ஒவ்வொன்றாக வந்து, ஒரே இடத்தைச் சுற்றிக் கத்தி, தலைகுப்புற நீரில் விழுந்தன. அவற்றின் கீழே ஏரி கொதித்துக்கொண்டிருந்தது. கலப்பு பாஸ் மீன்கள் கூட்டமாய்ப் பொடிமீன்களை ஆழத்திலிருந்து மேலே விரட்டிவந்து, அரை ஏக்கர் அகலத்துக்கு நீரை நுரையாக்கிக்கொண்டிருந்தன. கோடை முழுவதும் மார்லா பென்னர் காத்திருந்த கொதி அது...

அவள் கையில் இறகுத் தூண்டில் தயாராக இருந்தது. முள்ளில் வெள்ளை இறகு, கழுத்தில் ஒரு சுற்றுச் சிவப்பு நூல். அவளே கட்டியது. அவளுடைய பச்சை மோட்டார் படகின் தரையில், காலடியில் வளைவளையாக நூல் கிடந்தது.

அப்போதுதான் அவனைப் பார்த்தாள்.

சாம்பல் நிறத்தில் ஒரு சின்னத் துடுப்புப் படகு. துடுப்பை மடிமேல் வைத்துவிட்டு, தூண்டில் நூலைக் காற்றில் முன்னும் பின்னுமாக ஆடவிட்டபடி ஒருவன் மெல்ல மிதந்து வந்துகொண்டிருந்தான். காற்று அவனை நேராகக் கொதியின் விளிம்புக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. அதுதான் முறை. காற்றுக்கு மேலே வெகுதூரத்திலேயே மோட்டாரை அணைத்துவிட வேண்டும். பிறகு காற்று பார்த்துக்கொள்ளும். கொதிக்குள் மோட்டாரோடு நுழைந்தால் மீன் ஆழத்துக்கு இறங்கிவிடும். அன்றைய பிழைப்பு அத்தோடு முடிந்தது. படகுத்துறையில் இதை எழுதி நிறுத்தியிருக்கும் பலகைகூட மார்லாவின் கையெழுத்தில்தான் இருந்தது.

தெரிந்துமா? தெரிந்துதான். அவள் கை மோட்டாரின் பிடியை முழுவதுமாகத் திருகியது.

ஏன் என்று பின்னால் எத்தனையோ முறை தன்னையே கேட்டுக்கொண்டாள். அவன் முந்திவிடுவானே என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் அவளுக்கு அகப்படவில்லை.

பச்சைப் படகு சீறிக்கொண்டு கொதியின் நடுவே பாய்ந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய பாலைப்போல் நீர் சட்டென்று அடங்கியது. ஆலாக்கள் ஏமாந்து கலைந்தன. தூறல் விழும் ஓசை மட்டும்...

"ஏய்! பச்சைப் படகு! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? உன்னைப் பெத்தவ இதைத்தான் சொல்லிக் குடுத்தாளா?"

அவள் மழைக்கோட்டின் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்தாள். தொப்பியின் விளிம்புக்குக் கீழே ஒரே ஒரு கணம் அவன் கண்கள் தெரிந்தன. மழையில் நனைந்த சாம்பல் கண்கள். அவற்றில் கோபம் குறைவாகவும் ஏமாற்றம் மிகுதியாகவும் இருந்தது. தீபாவளி, பொங்கல் எதுவும் அறியாத ஊர்தான் என்றாலும், பண்டிகையன்று வாசலில் நிறுத்தப்பட்ட குழந்தையின் கண்கள் எங்கும் ஒன்றுபோலத்தானே இருக்கும்! மன்னிப்புக் கேட்க ஒரு கை தூக்கினால் போதும். அவள் தூக்கவில்லை. ஓடிவிட்டாள்.

*

ஏரிக்கரையில் மார்லாவின் அம்மா வெர்னாவுக்கு ஒரு கடை. ஒரு பக்கம் புழுவும் தூண்டிலும். மறுபக்கம் நீளமேசையில் காலைச் சாப்பாடு. சில்லி என்ற காரமான இறைச்சிக் குழம்பும் அதோடு தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை ரோலும் கான்சாஸ்காரர்களுக்கு எந்த வேளையிலும் இறங்கும். காப்பி இயந்திரத்துக்கு மேலே, சிவப்புச் சாயம் பூசிய பழைய படகு மோட்டார் விசிறி ஒன்று கயிற்றில் தொங்கியது. கொதியைக் கலைத்தவர் யாராயினும், சனிக்கிழமைக் காலை அந்த விசிறியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எல்லார் முன்னும் சாப்பிட வேண்டும். யாருடைய கொதி கலைந்ததோ, அவர்தான் அதைக் கழற்றலாம். மாட்டிவிடுகிற வேலை மார்லாவுடையது. வெகு உற்சாகமாகச் செய்வாள். தேவாலயப் பாதிரியாருக்கே ஒருமுறை மாட்டி, அவர் அதோடு ஜெபம் சொன்னதை ஊர் இன்னும் பேசிச் சிரிக்கிறது.

அன்று காலை அவள் உடைமாற்றி, தலை துவட்டி, மேசைக்குப் பின்னால் வந்து நின்ற சற்று நேரத்தில் கதவு மணி ஒலித்தது.

அவன்தான்.

"என்ன தம்பி, சொத்தைப் பிடுங்கிட்டுப் போன மாதிரி வர்றீங்க?" என்றாள் வெர்னா, காப்பியை ஊற்றியபடி.

"பிடுங்கிட்டுத்தான் போயிட்டாங்க. பச்சைப் படகு ஒண்ணு. என் கொதி மேலயே ஏத்திட்டுப் போச்சு."

கடையில் கரண்டிச் சத்தம் நின்றது. பிளம் ஃபோர்க்கில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

"ஆளு... யாருன்னு பாத்தீங்களா?" மார்லாவின் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது.

"கோட்டுத் தொப்பி மட்டுந்தான் தெரிஞ்சுது. வெக்கங்கெட்ட ஜென்மம், ஒரு கையைக்கூடத் தூக்கல."

"ஆமா," என்றாள் மார்லா. "வெக்கங்கெட்ட ஜென்மந்தான்."

சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். காது மடல் வரை சுட்டது.

அவன் பெயர் எம்மெட் யோடர். மீன்குஞ்சுப் பண்ணையில் வேலை. தொட்டி வைத்த லாரியில் குஞ்சுகளை ஏரி ஏரியாகக் கொண்டுபோய் விடுவான்.

"இந்த ஏரிக்கு கலப்புக் குஞ்சு கொண்டாந்து விட்டதும் நான்தான். அப்போ இத்தனூண்டு..." விரல் நுனியைக் காட்டினான். "பெருசா வளந்து ஒண்ணைக்கூட நான் பாத்ததில்ல. அதான் லீவு போட்டுட்டு வந்தேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும்."

"அப்போ பெத்த புள்ளைங்களைத் தூண்டில் போட்டுப் பிடிக்க வந்திருக்கீங்க!" என்றாள் மார்லா.

"பிடிச்சு, நல்லா இருக்காங்களான்னு பாத்துட்டு, விட்டுடுவேங்க. பாசந்தான்." சாம்பல் கண்கள் சிரித்தன. "நீங்க தூண்டில் போடுவீங்களா? படகு இருக்கா?"

அந்தச் சிரிப்புக்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிட முடிந்திருந்தால்...

"இருக்கு. ரிப்பேர்ல கிடக்கு."

அன்று மதியமே, கடைக்குப் பின்புறத் துறையில் கட்டியிருந்த பச்சைப் படகைத் தலை முதல் கால் வரை தார்ப்பாய் போட்டு மூடினாள்.

*

செவ்வாய்க்கிழமையும் அவன் வந்தான். இலவங்கப்பட்டை ரோலை இரண்டாவது முறை கேட்டு வாங்கித் தின்றான். பச்சைப் படகைக் கண்டுபிடிக்க மார்லாவின் உதவியைக் கேட்டான். "இந்த ஊர்ல உங்களுக்குத் தெரியாத படகா?" என்று அவன் கேட்டபோது, கையிலிருந்த துணியால் அவள் துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

புதன்கிழமை அவனிடம் ஏதோ மாறியிருந்தது. சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துப்போய்க் கழுவி வைத்தான். வெர்னாவை நிமிர்ந்து பார்க்காமல் "ரொம்ப நன்றிங்கம்மா" என்றான். "இன்னொரு ரோல்?" என்று கேட்டதற்கு "தகுதி இல்லீங்கம்மா" என்று முணுமுணுத்தான். பச்சைப் படகைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மறந்துவிட்டான் போலும் என்று மார்லா நினைத்தாள். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியே அவளைக் குறுகவைத்தது. தான் செய்ததை ஒருவன் மறந்ததற்காக மகிழ்கிற அளவுக்கா கீழே வந்துவிட்டோம்?

வியாழன் மாலை அணையின் பாறைச்சரிவில் இருவரும் அருகருகே நின்று தூண்டில் வீசினார்கள். தெற்குக் காற்று அலைகளைப் பாறையில் கொண்டுவந்து அறைந்தது. அத்தகைய காற்றில்தான் மீன் கரைக்கு வரும். அவன் நூல் அவனுக்குப் பின்னால் நீண்டு, ஒரு கணம் தயங்கி, பின் அலைக்கு மேல் நீளமாக விரிவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் நூலை வீச மறந்தாள்.

"இந்த மீனோட கதை தெரியுமா உங்களுக்கு?" என்றான். "அம்மா கடல்காரி, அப்பா உள்ளூர் ஆத்துக்காரன். பண்ணைல நாங்க பாத்து வெச்ச சம்பந்தம்."

"பொண்ணு சம்மதிச்சாளா?"

"அவகிட்ட யாருங்க கேட்டா! ஆனா புள்ளை பாருங்க, ரெண்டு பேரோட முரட்டுத்தனமும் சேந்துடுச்சு. இழுத்தா கோலே ஒடிஞ்சுடுமாமே?"

"தோளு எறங்கிடும்."

"அன்னிக்குத் திங்கக்கிழமை, நூலு காத்துலயே இருந்துச்சு. இன்னும் ஒரே ஒரு வீச்சு..." சட்டென்று நிறுத்தினான். "சரி, அந்தப் பேச்சு எதுக்கு இப்போ."

மழைமேகத்தின் கீழே கடைசி வெளிச்சம் நீரில் படிந்து, அங்கிருந்து அவன் முகத்தில் ஆடியது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"எம்மெட்..."

அவன் திரும்பினான். முழுவதுமாக, தூண்டிலைத் தாழ்த்திவிட்டுத் திரும்பினான். அவ்வளவு பொறுமையாக ஒருவர் காத்திருப்பதை அவள் கண்டதில்லை.

"சொல்லுங்க மார்லா."

"உங்க நூலு... சிக்கியிருக்கு."

அவன் நூலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "ஓ..." என்று மட்டும் சொன்னான்.

*

வெர்னா எதையும் மறக்கிற ரகம் இல்லை. ஏரியில் பச்சைப் படகு வேறு யாரிடம் என்று மேசைக்கு வந்தவர்களிடமெல்லாம் விசாரித்து, லாய்ல் டக்கர் என்று முடிவு கட்டிவிட்டாள். லாய்ல் எழுபது தாண்டியவர், மனைவியை இழந்தவர், கண்ணில் புரை, காதும் மந்தம். யாருக்கும் இடைஞ்சலில்லாமல் ஒரு குடாவின் ஓரத்தில் உட்கார்ந்து சின்ன மீன் பிடிப்பவர்.

"ஏம்மா, சரியா தெரியாம..." என்று மார்லா இழுத்தாள்.

"வேற யாருடி? உன் படகுதான் ரிப்பேர்னு மூடி வெச்சிருக்கியே!" வெர்னாவின் பார்வை மகள் மேல் ஒரு கணம் கூடுதலாக நின்றதோ?

வெள்ளிக்கிழமை லாய்ல் கடைக்கு வந்தார். தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார்.

"நாளைக்கு எனக்குத்தான் மாட்டப் போறியாமே, மார்லாம்மா."

"மாமா, அது..."

"திங்கக்கிழமை நானும்தான் தூறல்ல போனேன். பறவை கத்துச்சு, அது ஞாபகம் இருக்கு. அதுக்குள்ள ஓட்டினேனா இல்லையான்னு யோசிச்சுப் பாக்கறேன், பிடிபடவே மாட்டேங்குது. அந்தப் பையன் கத்தினானாமே, எனக்கு எங்க காது கேக்குது? நானாத்தான் இருக்கும்மா." அவர் சிரிக்க முயன்றார். "அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் படகை வித்துடலாம்னு இருக்கேன். கண்ணு தெரியாதவன் தண்ணில இருந்தா நாலு பேருக்குத் தொந்தரவு."

செய்யாத குற்றத்தைத் தன் நினைவுக்குள் தேடித் தேடி, கிடைக்காமல், கடைசியில் தானே செய்துவைத்துக்கொண்ட அந்த மனிதரின் முகத்தை மார்லா ஏறிட்டுப் பார்த்தாள். திங்கட்கிழமையிலிருந்து தன் வெட்கம் தன்னோடு போகும் என்றுதான் எண்ணியிருந்தாள். இப்போது அதை ஒரு கிழவரின் தோளில் ஏற்றிவிட்டு நின்றிருக்கிறாள்.

"படகை விக்காதீங்க மாமா," என்றாள், அவர் காதருகே சத்தமாக. "நாளைக்கு மட்டும் வாங்க."

*

சனிக்கிழமை. தகரக் கூரையில் மழை. கடை நிறைந்திருந்தது. மூலை நாற்காலியில் எம்மெட்; அவன் முன்னால் தொடாத காப்பி.

"ம், ஆரம்பிடி," என்றாள் வெர்னா.

மார்லா முக்காலியில் ஏறி விசிறியை இறக்கினாள். இத்தனை கனமா இது? இத்தனை பேர் கழுத்தில் சிரித்துக்கொண்டே மாட்டியபோது ஒருநாளும் தெரிந்ததில்லை. லாய்ல் எழுந்து தொப்பியைக் கழற்றினார். நரைத்த தலையைக் குனிந்து காட்டினார். பின்னால் எங்கோ ஒரு நாற்காலி நகரும் ஓசை கேட்டது.

அவள் கயிற்றை விரித்தாள். தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"மாமா, உக்காருங்க," என்றாள். "அது என் படகு. கொதியும் தெரிஞ்சுது, அவரு அங்க இருக்கறதும் தெரிஞ்சுது. அவருக்கு முன்னாடி போயிடணும்னு ஆசைப்பட்டு ஓட்டினேன். படகு ரிப்பேர்னு சொன்னதும் பொய்யி." எம்மெட் பக்கம் திரும்பினாள். "என்னையே நான் வெக்கங்கெட்ட ஜென்மம்னு சொன்னேன் பாருங்க... அது ஒண்ணுதான் இந்த வாரம் நான் சொன்ன நிஜம்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பாள்.

"அடிப்பாவி..." வெர்னா இடுப்பில் கைவைத்தாள். "துறையில பலகை எழுதினவளே நீதானேடி!" பிறகு, குரல் சற்றே இறங்கி, "சரி... தம்பி, வந்து கழட்டுங்க. உங்க உரிமை."

எம்மெட் நின்றுகொண்டிருந்தான். எப்போது எழுந்தான் என்று தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். வெர்னாவின் முகத்தைப் பார்த்தான். அவன் முகம் சிவந்தது.

"என்னால முடியாதுங்கம்மா," என்றான். தொப்பியை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

கதவு மணி அடித்து ஓய்ந்தது.

விதி விதிதான். மார்லா மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒவ்வொரு முறை குனியும்போதும் விசிறி தட்டில் மோதி 'டங்' என்றது. கண்ணீர் சில்லியில் விழுந்தது. அவன் போய்விட்டான், போகட்டும், அதற்குத் தக்கவள்தானே தான்...

பக்கத்து நாற்காலியில் லாய்ல் வந்து அமர்ந்தார். தன் இலவங்கப்பட்டை ரோலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அப்போ நான் படகை விக்க வேணாம்ல?"

"வேணாம் மாமா."

"நல்லது." சற்று நேரம் மென்றார். பிறகு சன்னலைக் காட்டினார். "எனக்குப் புரை. இருந்தாலும் கேக்கறேன், உன் படகு மேல இருந்த தார்ப்பாயை யாரோ உருவற மாதிரி தெரியுதே?"

*

அவள் ஓடிவந்தபோது எம்மெட் நனைந்த தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தான்.

"செப்டம்பர்ல, மீன் கொதிக்கிற மாசத்துல, படகைப் போத்தி வைக்கிற ஊரு எதுங்க?" என்றான், அவளைப் பார்க்காமலே. "புதன்கிழமை காத்துல ஓரம் தூக்குச்சு. நாலு விரல் பச்சை தெரிஞ்சுது."

"புதன்கிழமையேவா! ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லணும்னு ஆசை. அணையில சொல்ல வந்தீங்க. நூலு சிக்கியிருக்குன்னு முடிச்சிட்டீங்க." தார்ப்பாயை இன்னொரு மடிப்பு மடித்தான். "சிக்கவே இல்லீங்க."

அவள் விசிறியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றாள்.

"பெரியவர் தலையைக் குனிஞ்சப்போ நான் எந்திரிச்சுட்டேன். நீங்க மட்டும் ஒரு நொடி தாமதிச்சிருந்தா நானே சொல்லியிருப்பேன். சொல்லிட்டு அப்படியே ஊருக்குக் கிளம்பியிருப்பேன்."

"இப்போ மட்டும் ஏன் கழட்டாம வந்துட்டீங்க? எல்லாரும்..."

"கழட்டறவனுக்கு யோக்கியதை வேணாமா?" மழை அவன் இமைகளிலிருந்து சொட்டியது. "திங்கக்கிழமை என்ன கத்தினேன்? பெத்தவளை இழுத்தேன். அப்படியே வந்து அந்தப் பெத்தவ கையாலயே காப்பி வாங்கிக் குடிச்சேன். ரோல் ரெண்டு தின்னேன்! புதன்கிழமை பச்சையைப் பாத்ததும் பூமிக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு."

"அதுக்குத்தான் தட்டைக் கழுவினீங்களா?"

"வேற என்ன செய்யறது? சொல்ல வாய் வரல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையோடு கலந்து, மழையோடு கலந்து, அடக்க முடியாமல் வந்தது. விசிறியும் அவளோடு குலுங்கியது.

"ஏறுங்க," என்றான். "அங்க பாருங்க."

அணைக்கு அப்பால், மழை மெலிந்த இடத்தில், ஆலாக்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

பச்சைப் படகு கிளம்பியது. அவள் பெரிதாக வளைத்து, காற்றுக்கு மேலே சென்றாள். அவன் திரும்பிப் பார்த்தான். கொதி இன்னும் வெகுதூரத்தில் இருந்தது. இவ்வளவு தொலைவிலா என்று வேறு யாராயினும் கேட்டிருப்பார்கள். அவள் மோட்டாரை அணைத்தாள்.

காற்று அவர்களை எடுத்துக்கொண்டது. ஏரியெங்கும் தூறலின் மெல்லிய ஓசை... பறவைகளின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கியது. முதல் மீன் படகுக்கு அருகே வாலால் நீரை அறைந்தது.

"வீசுங்க எம்மெட். உங்க புள்ளைங்க."

அவன் தூண்டிலைத் தொடவில்லை. அவள் எதிரே மண்டியிட்டு, அவள் கழுத்துக் கயிற்றில் சிக்கியிருந்த ஈரக் கூந்தலை ஒவ்வொரு இழையாக விடுவித்தான். விசிறி அவள் தலைக்கு மேல் உயர்ந்தது.

"மார்லா, நான் ஒண்ணு..."

"இருங்க." அவள் அவன் வாய்க்கு நேராகக் கையை உயர்த்தினாள், திங்கட்கிழமை தூக்காத அதே கையை. "இந்த ஒரு தடவை மட்டும் நான் முந்திக்கட்டுமா? உங்களைக் கேட்டுட்டு..."

சாம்பல் கண்கள் அவளையே பார்த்தன. "ம்."

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. அன்னிக்குத் தூறல்ல, நீங்க என்னைத் திட்டினீங்களே, அப்பவே. அதனாலதான் சொல்ல அவ்வளவு வெக்கமா இருந்துச்சு. வேற யாராவதா இருந்திருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

படகைச் சுற்றி ஏரி கொதிக்கத் தொடங்கியது. வெள்ளி முதுகுகள், கருங்கோடுகள், நுரை. அவன் அதைப் பார்க்கவே இல்லை. கையிலிருந்த விசிறியைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

"ஐயோ, என்ன இது?"

"உங்கம்மாவைத் திட்டினதுக்கு. இதை அவங்கதான் கழட்டணும். அப்படியே அவங்ககிட்ட உங்களைப் பொண்ணு கேக்கலாம்னு இருக்கேன்." அவன் தயங்கினான். "சீக்கிரம் கழட்டிடுவாங்களா?"

"எங்கம்மாவா? அவ்வளவு லேசுல கழட்ட மாட்டாங்க."

"அப்போ ஞாயித்துக்கிழமை கிளம்ப முடியாது."

"முடியாது," என்றாள் மார்லா.